எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாமா என்று கேட்டிருந்தேன்: புதுப்பிப்பு

பி.காம். முடித்து ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், சமூகப்பணி முதுகலையை நேரடியாகப் படிப்பதா, இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைதூரமா என்று போன வருடம் கேட்டிருந்தேன் அல்லவா? வேலையை விட்டுவிட்டு நேரடி வகுப்பிலேயே சேர்ந்துவிட்டேன். பட்டம் எதுவானாலும் சேரலாம் என்று நீங்கள் சொன்னது சரிதான்.

வகுப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. களப்பணிதான் படிப்பே. வாரத்தில் இரண்டு நாள். எனக்குக் கிடைத்தது அரசு மருத்துவமனை. ஆறுதல் சொல்வதுதான் வேலை என்று நினைத்துப் போனால், பாதி நேரம் காகிதத்தோடுதான் மல்லுக்கட்டு. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு இரண்டும் தேவை. ஒரு நோயாளியின் மனைவியிடம் இவை இல்லை. கணவரை வார்டில் தனியாக விட்டுவிட்டு அந்த அம்மா எப்படி ஊருக்குப் போய் வி.ஏ.ஓ.வைப் பார்ப்பார்? ஊரிலிருந்த மைத்துனருக்குப் போன் போட்டு, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வைத்தோம். அன்றைய அறிக்கையில் "உதவினேன்" என்று எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் அதைச் சுழித்து, "அந்த அம்மா என்ன செய்தார்?" என்று ஓரத்தில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி; விண்ணப்பித்தது அவர் குடும்பம்தானே.

அடுத்த வருடம் மருத்துவ, மனநல சமூகப்பணிப் பிரிவு எடுக்கிறேன். ஆனால் 2017 மனநலச் சட்டப்படி மனநல சமூகப் பணியாளர் ஆக, இதற்கு மேல் அதே துறையில் இரண்டு வருட எம்.பில். அல்லது அரசு ஏற்கும் வேறு தகுதி வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.