சைட்டில் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. எப்படிப் பேசினால் போய்ச் சேரும்?

கொருக்குப்பேட்டை சூப்பர்வைசர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமோ சிவில் முடித்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது கொருக்குப்பேட்டையில் ஸ்டில்ட்டும் (வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தளம்) மூன்று மாடியுமாக ஒரு அபார்ட்மென்ட் சைட்டைப் பார்த்துக்கொள்கிறேன். சந்துக்குள் ரெடிமிக்ஸ் லாரி நுழையாது, மிக்ஸர் மெஷின் வைத்துத்தான் காங்கிரீட். கம்பி வேலைக்கு ஒரு மேஸ்திரி, அவரிடம் ஆறு பேர். மேஸ்திரி வியாசர்பாடிக்காரர், வயது அறுபதை நெருங்குகிறது. ஆறு பேரும் பீகார் பையன்கள்.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது இது. மறுநாள் இரண்டாவது மாடி ஸ்லாப் போட வேண்டும். தெருப்பக்கம் 4 அடிக்கு பால்கனி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மெயின் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும் என்று இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. போய்ப் பார்த்தால், ஆட்கள் மிதித்து மிதித்துக் கம்பி இறங்கியிருந்தது. மேல்கம்பியைத் தாங்கிப் பிடிக்க வளைத்து வைக்கும் கம்பித் துண்டு, அதாவது சேர், பாதி இடத்தில் வைக்கவே இல்லை. மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். அங்கே இருந்த பையனிடம் கையைக் காட்டி, "கம்பி மேல வரணும், சரியா?" என்றேன். அவன் வேகமாகத் தலையை ஆட்டினான். நானும் நிம்மதியாகக் கீழே இறங்கி சிமெண்ட் மூட்டை எண்ணப் போய்விட்டேன்.

அரை மணி நேரம் கழித்து வந்தால், மூன்று பேர் சேர்ந்து கீழே கிடந்த 10 மி.மீ. கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கி வந்து பால்கனி மேலேயே போட்டிருக்கிறார்கள்! இறங்கியிருந்த கம்பி சுத்தமாகப் படுத்துவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, இந்தியில் கம்பிக்குப் பெயரே 'சரியா'. 'மேல' என்ற வார்த்தையை அவன் இங்கே வந்து கற்றிருக்கிறான். மேல, சரியா. கம்பியை மேலே கொண்டு வா. அவன் பக்கத்தில் ஒரு தப்பும் இல்லை.

மேஸ்திரி வந்ததும் அத்தனை பேர் முன்னாலும், ஓனரின் தம்பி பக்கத்தில் நிற்கும்போதே, "இத்தனை வருஷத்துல பால்கனிக்குச் சேர் வைக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கம்பி கட்டும் கொக்கியை லுங்கியில் சொருகிக்கொண்டு இறங்கிப் போனார். வந்த நாள் முதல் என்னைப் "பாப்பா" என்று கூப்பிட்டவர் மறுநாள் "மேடம்" என்றார். அது மனதைக் குத்திக்கொண்டே இருக்கிறது.

காங்கிரீட்டை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளியாயிற்று. மொழி தெரியாத ஆட்களிடம் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மேஸ்திரியிடம் எப்படிப் போய்ப் பேசுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருவொற்றியூர் பழைய ஆள்

தங்கச்சி, 31 வருடமாக சைட்டில் நிற்கிறேன். முதலில் மேஸ்திரி விஷயம். ஆட்கள் முன்னால் மேஸ்திரியைக் கேட்டால், அன்றைக்கே அந்த ஆட்களிடம் அவர் பேச்சு செல்லாது. அப்புறம் ஆறு பேரையும் நீயேதான் மேய்க்க வேண்டும். அவர் கோபித்துக்கொண்டது உன் மேல் மட்டும் இல்லை, தன் பிழைப்பை நினைத்தும்தான்.

எனக்கு ஒரு முறை காலம் பாக்ஸ் (தூணுக்கு அடிக்கும் பலகைப் பெட்டி) சாய்ந்து நின்றது. சென்ட்ரிங் மேஸ்திரி என்னைவிடப் பெரியவர். நான் எதுவும் சொல்லாமல் தூக்குகுண்டை அவர் கையில் கொடுத்து, "அண்ணே, ஒரு தடவை பாருங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றேன். அவரே ஏறிக் குண்டைத் தொங்கவிட்டார். மேலே நூலுக்கும் பலகைக்கும் 2 அங்குலம், கீழே ஒன்றரை. பத்தடியில் அரை அங்குலம் போகிறது. குண்டு ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பையனைக் கூப்பிட்டு முட்டுக் கொடுத்திருந்ததைத் தளர்த்தச் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. குறையை அவர் கண்ணாலேயே பார்க்கும்படி செய்தால் போதும், அவருக்கு அதில் அவமானம் இல்லை.

நாளைக்கே டீ நேரத்தில் தனியாகப் போய் உட்காரு. "கோபத்துல பேசிட்டேண்ணே, எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கக் கூடாது" என்று அதை மட்டும் சொல். 'ஆனால்' போட்டுச் சேர் கதையை இழுக்காதே.

ஆட்களிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்காதே. அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள், தமிழ் ஆட்களும்தான். "எங்கே, ஒண்ணு வச்சுக் காட்டு" என்று சொல். முதல் சேரை அவன் கையாலேயே வைக்கட்டும், நீ நின்று பார். இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

பெரம்பூர் கம்பி காண்ட்ராக்ட்

மேலே அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை. மொழிப் பக்கம் மட்டும் நான் சேர்க்கிறேன்.

நீங்கள் மி.மீ. சொல்கிறீர்கள், வடக்கத்திப் பையன்கள் சூத் கணக்கில் நினைக்கிறார்கள். ஒரு அங்குலத்துக்கு 8 சூத். 8 மி.மீ. கம்பி இரண்டரை சூத், 10 மி.மீ. மூன்று, 12 மி.மீ. நான்கு, 16 மி.மீ. ஐந்து. இது நமக்குப் புதிதும் இல்லை. நம்ம ஊர் ஆசாரி "ரெண்டு நூல் கம்மி" என்பாரே, அதே கணக்கு. சூத் என்றாலும் நூல்தான். அந்தப் பையன்களிடம் முதன்முதலில் "தீன் சூத்" என்று நான் கேட்டபோது அவர்கள் முகம் மாறியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன் என்னிடம் பேசவே மாட்டார்கள். அன்று மாலையே ஒருவன் டிராயிங்கைக் காட்டி எனக்கே ஒரு தப்பைச் சொன்னான், பீமில் ரிங் (மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி) இடைவெளி மாறியிருந்தது.

ஜல்லிக்கு கிட்டி, மணலுக்கு பாலு, கலவைக்கு மசாலா, காங்கிரீட் போடுவதற்கு டலாய். மேலே ஊப்பர், கீழே நீச்சே. இருபது வார்த்தை தெரிந்தால் சைட்டை ஓட்டலாம்.

கவருக்கு, அதாவது கம்பியை மூடி இருக்க வேண்டிய காங்கிரீட் கனத்துக்கு, வார்த்தையே வேண்டாம். நீங்கள் இருப்பது கடல் காற்று அடிக்கும் பக்கம். காங்கிரீட்டுக்கான இந்திய விதிமுறை ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் வைத்து, கவர் 45 மி.மீ., காங்கிரீட் குறைந்தது எம்30 தரம் என்கிறது. உங்கள் டிராயிங்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்த அளவுக்கு ஒரு மரத்துண்டு வெட்டி, கயிறு கோத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் அது நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் அவனே உங்களைக் கூப்பிடுவான்.

காசிமேடு பில்டர்

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. சத்தம் போடாமல் சைட்டில் ஒரு வேலையும் நகராது. நான் இப்படித்தான் ஓட்டுகிறேன்.

திருவொற்றியூர் பழைய ஆள்

தம்பி, சாரத்தில் இருந்து ஆள் விழப்போகிறான் என்றால் சத்தம் போடு, நானும் போடுவேன். தினமும் போட்டால் அன்றைக்கு எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

எண்ணூர் சேஃப்டி

மிக்ஸரும், காங்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரும் ஓடும்போது எந்த மொழியும் காதில் விழாது. காங்கிரீட் அன்று காலை பத்து நிமிடம் எல்லோரையும் நிறுத்தி, கை சாடையை முடிவு செய்யுங்கள். எங்கள் சைட்டில் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தால் எல்லாம் நிற்கும், யார் வைத்தாலும் சரி, சித்தாள் வைத்தாலும் சரி. தண்ணீருக்கு பக்கெட்டில் சிவப்புக் கோடு போட்டுவிடுங்கள். நீர்-சிமெண்ட் விகிதம் 0.45 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர்தான், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். "தண்ணி கம்மியா ஊத்து" என்பது ஆளுக்கு ஒரு அளவு.

கொருக்குப்பேட்டை சூப்பர்வைசர்

அண்ணன்கள் எல்லோருக்கும் நன்றி. இன்று சனிக்கிழமை, நடந்ததை எழுதுகிறேன்.

நேற்று டீக்கடையில் மேஸ்திரி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னபடி அந்த ஒன்றை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் பொண்ணும் உன் வயசுதான்" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. எழுந்து நாலு பன் வாங்கிக்கொண்டார்.

மாடியில் பையன்களை வட்டமாக நிறுத்தினார். ஒரு பன்னைப் பலகை ஓரத்தில் பாதி வெளியே நீட்டி வைத்து, உள்பாதியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளிப்பாதியை விரலால் மெதுவாகக் கீழே தள்ளினார். பன்னின் மேல்தோல் பலகை ஓரத்தில் பிளந்தது, கீழ்ப்பக்கம் அப்படியே இருந்தது. பிளந்த இடத்தில் கட்டுக்கம்பித் துண்டு ஒன்றை வைத்துக் காட்டிவிட்டு, பால்கனியைக் காட்டினார். எனக்கு இதைக் காலேஜில் படம் போட்டு நடத்தினார்கள், இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை.

அன்றைக்குக் கம்பிக் கட்டைத் தூக்கி வந்த அதே பையன் குனிந்து பன்னைப் பார்த்தான். பிளவில் விரல் வைத்து, "சரியா ஊப்பர்" என்றான். நான் "ஒண்ணு வச்சுக் காட்டு" என்று சைகை செய்தேன். சேரை எடுத்து, மெயின் கம்பியைத் தூக்கி அதன் மேல் உட்கார வைத்துக் கட்டினான். பிறகு காலை வைத்து மிதித்துப் பார்த்தான். இறங்கவில்லை.

ஆட்கள் நடக்க இன்று காலையே பலகை போட்டாயிற்று. சேர் மொத்தம் 42, நானும் மேஸ்திரியும் தனித்தனியாக எண்ணினோம். நாளை காலை 6 மணிக்கு மிக்ஸர் வருகிறது. பக்கெட்டில் கோடு போடப் பெயின்ட் வாங்கக் கிளம்புகிறேன்.