அதே ஸ்கிரிப்ட், அதே சீட், ஆனால் முடிவு மட்டும் வேறு. எங்கே பிசகியது?

கேள்வி:
எங்கள் ஆய்வகத்தில் 2018-இல் செய்த ஒரு சோதனையின் கணக்கை மறுபடி ஓட்டுகிறேன். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட். தரவுக் கோப்பு அதேதான், சீடும் (தற்செயல் எண் வரிசையைத் தொடங்கி வைக்கும் எண்) அதே 42. ஆனாலும் 80 மாதிரிகளிலிருந்து சாம்பிள் ஃபங்ஷன் தற்செயலாக எடுக்கும் 40 மாதிரிகள் பழைய பட்டியலோடு ஒத்துப்போகவில்லை. எழுதியவர் வேலை மாறிப் போய்விட்டார். இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

பதில் 1:
பழைய லாக் கோப்பின் தொடக்கத்தில் ஆர் பதிப்பு எண் இருக்கிறதா?

கேட்டவர்:
இருக்கிறது, 3.4.4. என்னிடம் இருப்பது 4.3.

பதில் 1:
அப்படியென்றால் அதுதான் காரணம். 2019-இல் வந்த 3.6.0 பதிப்பில் சாம்பிள் ஃபங்ஷன் எண்களைப் பொறுக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். பழைய முறையில், தொகுதி மிகப் பெரிதானால் எல்லா எண்களுக்கும் சம வாய்ப்பு கிடைக்கவில்லை. சீட் வைக்கும் வரிக்கு முன்னால் ஆர்என்ஜிகைண்ட் ஃபங்ஷனில் சாம்பிள்.கைண்ட் என்பதற்கு 'ரவுண்டிங்' என்று கொடுத்துப் பாருங்கள். ஓர் எச்சரிக்கை வரும், பயப்பட வேண்டாம். புதிய ஆய்வுக்கு மட்டும் இந்த வரி வேண்டாம்.

கேட்டவர்:
நாற்பதும் அப்படியே வந்துவிட்டன! மிக்க நன்றி. அப்புறம் இன்னொரு சந்தேகம். கருவியிலிருந்து வந்த மூலக் கோப்பில் 83 வரிகள் இருக்கின்றன. 'சுத்தம்_இறுதி_2' கோப்பில் 80தான். மூன்றை நீக்கும் வரி எந்த ஸ்கிரிப்டிலும் இல்லை.

பதில் 2:
கையால் நீக்கியிருப்பார். இதை எந்த மென்பொருளும் கண்டுபிடித்துத் தராது. அவருக்கு நினைவிருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பதிலை மின்னஞ்சலோடு விட்டுவிடாமல் தரவு இருக்கும் அதே ஃபோல்டரில் ஓர் உரைக்கோப்பில் எழுதுங்கள். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2013-இல் வெளியிட்ட, தரவு வந்த வழியைக் குறிப்பதற்கான ப்ராவ் தரநிலையின் அடிப்படை மூன்றுதான்: பொருள், செயல், செய்தவர். எந்தக் கோப்பு எதிலிருந்து, எந்த வேலையால், யார் கையால் வந்தது என்று எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும். அதோடு 'ஏன்' என்பதையும் சேருங்கள், அடுத்தவர் தவிப்பது அங்கேதான். மூலக் கோப்பைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி பூட்டி, அதன் ஷா-256 எண்ணை (கோப்பு சற்று மாறினாலும் மாறிவிடும், கைரேகை மாதிரி) குறித்து வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் ஆர் பதிப்பையும் பேக்கேஜ் பதிப்புகளையும் காட்டும் செஷன்இன்ஃபோ வெளியீட்டைச் சேமியுங்கள்.

கேட்டவர்:
கேட்டுவிட்டேன். அந்த மூன்று மாதிரிகள் இருந்த ஃப்ரீசர் ஓர் இரவு நின்றுபோயிருக்கிறது. நோட்டில் தேடினால், ஓரத்தில் பென்சிலால் 'ஃப்ரீ.' என்று மட்டும் இருக்கிறது. மாதிரி எண், தேதி, காரணம், நீக்கியவர் என நான்கையும் இப்போது தரவுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டேன்.