பைப் மாற்றிய பிறகு சேஃப்டி வால்வு படபடக்கிறது

அச்சுவேலிப் பக்கம் நெல் அவிக்கிற பொயிலர். ஸ்பிரிங் சேஃப்டி வால்வு, 7 பாரில் திறக்கும், வெளிவாய் 50 மி.மீ. போன மாதம் கூரையை உயர்த்தியபோது வெளிவாயில் இருந்த 1 மீற்றர் நேர்ப் பைப்பைக் கழற்றிவிட்டு அதே 50 மி.மீ.இல் 8 மீற்றர், மூன்று எல்போ போட்டோம். அன்றிலிருந்து திறந்ததுமே படபடவென்று அடிக்கிறது. சீற்றில் (வால்வின் தட்டு அமர்ந்து மூடுகிற இடம்) நகம் இடறுகிற அளவுக்குக் கீறல்.

சீற்றைத் தேய்த்து, பெஞ்சில் சோதித்தோம்: சுத்தமாகத் திறந்து மூடியது. வடிகால் துளையைத் துரு அடைத்திருந்தது. குத்தியதும் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. அதற்குப் பிறகும் அதே படபடப்புத்தான். வால்வுக்கு நீராவி வருகிற இன்லெட் பைப் நீளம் குறைந்தது, அங்கே அழுத்த இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டாது. பின்னழுத்தம் (வெளிப் பைப்பில் தேங்கி வால்வைத் திருப்பித் தள்ளுகிற அழுத்தம்) 0.7 பாரை, அதாவது திறக்கும் அழுத்தத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டுகிறது என்றே நினைக்கிறேன். பைப்பின் பாரமும் வால்விலேயே தொங்குகிறது, அதுவும் பிழை. பொயிலரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பைப்பை 80 மி.மீ. ஆக்கித் தாங்கி கொடுத்தால் போதுமா, இல்லை ட்ரிப் பான் எல்போ (வென்ற் பைப்பின் பாரம் வால்வில் ஏறாமல், வடிகிற தண்ணீரைத் தட்டில் பிடிக்கிற வளைவு) வைத்துத் தனி வென்ற் பைப்தான் எழுப்ப வேண்டுமா?