மைக்கேல் மதன காமராஜன்: எங்கள் வீடுகளில் ஓடிய கதை

இந்தக் கமல் படத்தைப் பற்றி நாங்கள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகச் சொல்கிறோம்.

*

எங்கப்பா கல்யாணச் சமையல்காரர். பூர்வீகம் பாலக்காடு, தொழில் கோயம்புத்தூரில். 1990 தீபாவளிக்கு வந்த படத்தை நாங்கள் பார்த்தது சில வருஷம் கழித்து, டிவியில். ஒரே ஜாடையில் பிறந்து பிரிந்துபோன நாலு சகோதரர்களாகக் கமலுக்கு நாலு வேஷம் என்பது அப்பாவுக்குப் பெரிசாகப் படவில்லை. சமையல்காரன் காமேஸ்வரன் வாயைத் திறந்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம ஊர்ப் பேச்சை இவன் எங்கே பிடிச்சான்?" என்று அம்மாவிடம் கேட்டார்.

கல்யாணச் சாம்பாரில் மீன் விழும் காட்சி வந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், அப்பா சிரிக்கவில்லை. பந்தியில் இலை போட்டாச்சு, அண்டா கெட்டுப்போச்சு, விஷயம் வெளியே தெரிந்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு எவன் கூப்பிடுவான்? அவருக்கு அது நிஜமான பயம். காமேஸ்வரனை வளர்த்த அப்பாவாக வரும் டெல்லி கணேஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்மைச் சிரிக்க வைக்கணும் என்ற எண்ணமே அந்த மனுஷருக்கு அங்கே கிடையாது. பாலக்காட்டு மணி ஐயராகவே தவிக்கிறார். கிரேஸி மோகன் வசனத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனாலும் அந்தக் காட்சியில் பாதி டெல்லி கணேஷுடையது என்று அடித்துச் சொல்வேன். இன்னொரு தடவை படம் போட்டபோதுதான் அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

*

பேச்சு என்றதும் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. நானும் தம்பியும் இரட்டையர், அச்சு அசல் ஒரே ஜாடை. அவன் வாங்கித் தின்ற கடலை மிட்டாய்க்குக் கடைக்காரர் என்னிடம் காசு கேட்பார். ஆனால் நான் நாலு வார்த்தை பேசினால் போதும், "ஓ, நீ பெரியவனா" என்று விட்டுவிடுவார். தம்பி படபடவென்று பொரிவான், நான் நிதானம்.

இந்தப் படத்தில் அது அப்படியே இருக்கிறது. தீயணைப்பு வீரன் ராஜு பேசுவது மெட்ராஸ் பாஷை, பணக்காரத் தொழிலதிபர் மதன் பேசினால் பாதி இங்கிலீஷ், காமேஸ்வரன் பாலக்காடு. தன் இடத்தில் நடிக்க மதன் ராஜுவை ஏற்பாடு செய்கிறான். மதனின் உதவியாளர் அவினாசியாக வரும் நாகேஷ் தன் பங்குக்குக் காமேஸ்வரனைப் பிடித்து வருகிறார். ஒரே பங்களாவில் இரண்டு போலி மதன்! குழம்புவதெல்லாம் படத்துக்குள் இருப்பவர்கள்தான்; நமக்கு எவன் யாரென்று எப்போதும் தெரியும். அதனால் ஒருவன் அறைக்குள் நுழையும்போதே, நடக்கப்போவதை நினைத்து நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஆள்மாறாட்டப் படம் எடுக்கிற பலர் பார்க்கிறவனையும் சேர்த்துக் குழப்பிவிடுகிறார்கள். அங்கேயே சிரிப்பு போய்விடும்.

*

மலை விளிம்பில் சாயும் அந்த வீட்டைப் பற்றி யாருமே சொல்லலையே! சாப்ளினின் 1925ஆம் வருஷப் படமான 'தி கோல்ட் ரஷ்' பார்த்தபோது, பள்ளத்தின் ஓரத்தில் ஆடும் அந்தக் குடிசை வந்ததும் துள்ளிவிட்டேன். அங்கே உள்ளே இருப்பது இரண்டு பேர். இங்கே ஒரு கூட்டமே மாட்டிக்கொள்கிறது, அதில் நாலு கமல். இத்தனைக்கும் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கைக்கு வராத காலம். இயக்குநர் சிங்கீதம் சீனிவாச ராவ் துளியும் அவசரப்படாமல், வீட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாக ஆடவிடுகிறார்.

இப்போது என் பையனோடு சேர்ந்து பார்க்கிறேன். வீடு ஒரு பக்கம் சாய்ந்தால், அவன் சோபாவில் எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார்கிறான்.