தொண்டி நண்டுக்கு நீல முத்திரை வாங்க முடியுமா?

செக்காலை மெஸ்
காரைக்குடியில 14 வருஷமா மெஸ் நடத்துறேன். நண்டுக் குழம்பு ஞாயித்துக்கிழமை மட்டும்தான், மாமியார் சொல்லிக்கொடுத்த மசாலா. போன வாரம் கானாடுகாத்தானில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தம்பதி ஒரு கைடு தம்பியோட வந்தாங்க. இலை போட்டாச்சு, நண்டும் வச்சாச்சு. அந்தம்மா "இதுக்கு எம்.எஸ்.சி. முத்திரை உண்டா"ன்னு கேட்டாங்க. தொண்டியிலிருந்து காலையில வந்ததுன்னு சொன்னேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல. நண்டை ஒதுக்கிட்டு வெண்டைக்காய் மண்டியும் சோறும் சாப்பிட்டுப் போனாங்க.

கோபம் வரல, ஆனா மனசு அங்கயே நிக்குது. ஏன்னா அன்னைக்குக் காலையில நண்டு கழுவினது நான்தான். 20 நண்டுல 7 சினை. வயித்து மடலுக்கு அடியில ஆரஞ்சு நிறத்துல கொத்துக் கொத்தா ஒட்டியிருந்தது. ரெண்டுல மட்டும் கருத்துப்போயிருந்தது. பிரஷ்ஷால சுரண்டித் தண்ணியோட சாக்கடையில விட்டேன். இத்தனை வருஷமா அப்படித்தான் செய்யுறேன்.

அந்த முத்திரை என்னது? என் மெஸ்ஸுக்கு வாங்க வழி உண்டா?

உறைநிலைக் கூடம்
வணக்கம்க்கா. தூத்துக்குடியில ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில தரப்பிரிவுல 9 வருஷம் இருந்தேன். எம்.எஸ்.சி.ன்னா மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில், கடல் வளம் குறையாம பிடிச்ச மீனுக்கு நீல முத்திரை கொடுக்கிற அமைப்பு. 1997-ல யூனிலீவர் கம்பெனியும் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.ங்கிற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து ஆரம்பிச்சது, இப்போ தனி அமைப்பு. முத்திரை கடைக்கோ மெஸ்ஸுக்கோ முதல்ல வராது, மீன்பிடிப்புக்குத்தான் வரும். இந்தக் கடல், இந்த இனம், இந்த வலைன்னு பிரிச்சு மூணு விஷயம் பார்ப்பாங்க: இருப்பு குறையாம இருக்கா, மத்த உயிர்களுக்கும் கடலடிக்கும் என்ன சேதம், நிர்வாகம் சரியா நடக்குதா. ஒவ்வொரு கேள்விக்கும் குறைஞ்சது 60 மார்க், மூணு பிரிவிலும் சராசரி 80 வேணும். கிடைச்சா 5 வருஷம், வருஷா வருஷம் தணிக்கை. அதுக்கப்புறம் படகிலிருந்து தட்டு வரைக்கும் கை மாறுற ஒவ்வொருத்தரும் வேற சரக்கோட கலக்கலைன்னு கணக்குக் காட்டணும். தொண்டி ஏலத்துல பத்து படகு நண்டு ஒரே கூடையில விழுதே, அங்கயே அந்தக் கணக்கு அறுந்துபோகும்.

இன்னொண்ணு, 2010-லிருந்து ஐரோப்பாவுக்குப் போற கடல்மீனுக்குப் பிடிப்புச் சான்று கட்டாயம். சட்டத்துக்கு உட்பட்டுப் பிடிச்சதுன்னு மட்டும்தான் அது சொல்லும், வளம் நிலைக்கும்னு சொல்லாது. எங்க கம்பெனியிலேயே பலர் ரெண்டையும் ஒண்ணாக்கிப் பேசுவாங்க.

கொல்லத்திலிருந்து
இந்தியாவுல முதல்ல வாங்கினது இங்க அஷ்டமுடிக் காயல் மட்டி, 2014-ல. 1991-ல வருஷத்துக்கு 10,000 டன் எடுத்தாங்க, ரெண்டே வருஷத்துல பாதியாச்சு. அதுக்கப்புறம் டிசம்பர்லிருந்து பிப்ரவரி வரை தடை, வலைக்கண் அளவு, ஒரு கிலோ சதைக்கு 1,400-க்கு மேல எண்ணிக்கை வர்ற பொடி மட்டி ஏற்றுமதிக்குக் கூடாதுன்னு கட்டுப்பாடு வந்தது. மீனவர்கள் அதைக் காப்பாத்தினாங்க. முத்திரை இருபது வருஷம் கழிச்சுத்தான் வந்தது.

வல்லத்துக்காரர் மகள்
அக்கா, நான் தொண்டிப் பக்கம். முத்திரைக்கு மதிப்பீடு செய்யுற நிறுவனத்துக்குக் காசு கொடுக்கிறது முத்திரை கேட்கிற தரப்பேதான். பெரிய கம்பெனி கட்டிடும். நண்டு வலை விடுற எங்கப்பா எங்க போவாரு? பரீட்சை எழுதுறவரே பரீட்சகருக்குச் சம்பளம் கொடுக்கிறது எனக்கு ஒப்பல.

ஆனா உங்களுக்கு ஒரு வழி இருக்கு. நம்ம பாக் நீரிணையில திங்கள், புதன், சனி விசைப்படகு போகும். மத்த 4 நாள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை போன விசைப்படகு ஞாயித்துக்கிழமை காலையில கரைக்கு வரும். அப்போ உங்க ஞாயித்துக்கிழமை நண்டு பெரும்பாலும் இழுவை மடி நண்டு. அந்த மடி அடிமண்ணோட குஞ்சு குருமான் எல்லாத்தையும் வாரும். வியாபாரியிடம் எந்த வலைன்னு கேளுங்க. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்கு இருக்கிற 61 நாள் தடையில வர்றது நாட்டுப்படகு நண்டுதான்.

சினையில கறுத்தது பொரிக்கப் போற முட்டை. ஒரு நண்டுல லட்சக்கணக்குல இருக்கும். உயிரோட வலையில வர்றதைக் கடல்லயே விடலாம், மெஸ்ஸுக்கு வந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது. அதனால வாங்குற இடத்துலயே மறுங்க. விலை போகலைன்னா வியாபாரியே படகுக்காரங்ககிட்ட சொல்லுவாரு.

செக்காலை மெஸ்
எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை நண்டை வெள்ளிக்கிழமைக்கு மாத்திட்டேன். நேத்து வியாபாரி அண்ணன் கூடையை இறக்கினதும், நாட்டுப்படகு வலையான்னு கேட்டு, ஒவ்வொண்ணாப் புரட்டிப் பார்த்து 4 சினை நண்டைத் திருப்பிக் கொடுத்தேன். "ஆச்சிமாரெல்லாம் இதைத்தானே கேக்குறாங்க, நீ ஏம்மா தள்ளுற"ன்னாரு. விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் கூடையையே பார்த்துட்டு, அடுத்த வாரத்துக்கு வலைக்காரரிடம் சொல்லிப் பார்க்கிறேன்னு சொன்னாரு. மெஸ் பலகையில "தொண்டி, நாட்டுப்படகு நண்டு, சினை இல்லை"ன்னு எழுதியிருக்கேன். முத்திரை இல்லைன்னும் அதே பலகையில இருக்கு.