ஃபேன் வண்டி காயலான் கடைக்கு என்று சொன்னவருக்கு

பழைய இரும்பு:
நேற்று புதுத்தூண்டில் தம்பி ஒரு நியாயமான கேள்வி கேட்டிருந்தார். ஏரி உறைந்த பிறகு மனைவியோடு ஐஸ் மீன்பிடிக்கப் போக வேண்டும், இருவர் உட்காரும் பழைய ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஒன்று தேவை. இரண்டு பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று 550 சிசி டூ ஸ்ட்ரோக், ஃபேன் கூலிங், 20 அங்குல அகல ட்ராக் (அடியில் சுற்றி வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை). மற்றது 900 சிசி நாலு ஸ்ட்ரோக், லிக்விட் கூலிங், 15 அங்குல ட்ராக், பின்னால் சாய்மானம், சூடேறும் கைப்பிடி. அதற்கு வெண்பனி என்ற மகானுபாவர் தந்த பதில்: “இருவர் என்றால் லிக்விட்தான். ஃபேன் வண்டியெல்லாம் காயலான் கடைச் சரக்கு.”

பதினேழு குளிர்காலமாக ஃபேன் வண்டி ஓட்டுகிறவன் இதைப் படித்துவிட்டுத் தூங்க முடியுமா?

விஷயம் எளிது. லிக்விட் வண்டிக்கு ரேடியேட்டர் கார் மாதிரி முன்னால் இல்லை (சிலவற்றில் சின்னதாக ஒன்று இருக்கும், அதை விடுங்கள்). ட்ராக்குக்கு மேலே மூடி மாதிரி இருக்கும் டனலில் அலுமினியப் பட்டையாக ஓடுகிறது. ட்ராக் வாரியடிக்கும் பனி அதில் பட்டு உருகினால்தான் எஞ்சின் குளிரும். காற்று ஏரியைத் துடைத்துவிட்ட நாளில் வாரியடிக்க என்ன இருக்கிறது? கொஞ்ச தூரத்திலேயே சிவப்பு விளக்கு. ஃபேன் எஞ்சினுக்குக் காற்று போதும். ஃபேன் சூடாகாது. அவ்வளவுதான்.

வெண்பனி:
எனக்காகத் தனித் திரியே திறந்துவிட்டார்கள், நன்றி. நான் எழுதியது “இருவரும் சாமானும் ஏறினால்” என்று. “சாமானும்” என்ற சொல்லை வசதியாக வெட்டிவிட்டார் பெரியவர்.

ஐஸ் ஸ்கிராட்சர் என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். ட்ராக்கைத் தாங்கும் ரெயிலின் இரண்டு பக்கமும் மாட்டும் கம்பி. ஓடும்போது ஐஸைச் சுரண்டித் தூளை மேலே எறியும், எஞ்சின் குளிரும். மாட்ட அரை மணி நேரம். ஆறு வருடமாக என் நாலு ஸ்ட்ரோக் ஒருமுறைகூடச் சூடானதில்லை.

பழைய இரும்பு:
ஸ்கிராட்சர்! எதிர்பார்த்தேன். வண்டி ஒழுங்காக இருந்தால் அதற்கு எதற்குச் சொறியும் கம்பி? அதை மடக்கி வைக்காமல் ரிவர்ஸ் எடுத்தால் வளைந்து கையில் வரும், அதையும் தம்பிக்குச் சொல்லுங்கள்.

ஃபேன் சூடாகாது.

வெண்பனி:
ஸ்பிரிங் கம்பி வகைதான் வளையும். கேபிள் வகை ரிவர்ஸில் தானாக மடங்கிக் கொடுக்கும். நீங்கள் கடைசியாகக் கடைக்குப் போய் எத்தனை வருடம் ஆகிறது?

ஏரிக்கரை:
ஒரு சந்தேகம். இரண்டு பேரும் “வெறும் ஐஸ்” என்ற அர்த்தத்தில் பேசுகிறீர்கள். எது வெறும் ஐஸ்? ஓர் அங்குலப் பனி கிடந்தால் அது வெறும் ஐஸா? காற்றடித்துக் கல்லாய் இறுகிய பனி? அதை முதலில் தீர்த்தால் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

பழைய இரும்பு:
கடைக்குப் போகும் அவசியம் வந்தால்தானே போவேன்? பதினேழு வருடத்தில் பிளக், பெல்ட், எண்ணெய். வேறு எதற்காகவும் போனதில்லை.

சங்கிலிப்பெட்டி:
ஃபேன் எஞ்சின் சூடாகாது, ஒப்புக்கொள்கிறேன். ரெயிலின் அடியில் பிளாஸ்டிக் சறுக்குப் பட்டை இருக்கிறதே, ஹைஃபேக்ஸ் என்பார்கள், அதற்கு என்ன பதில்? அதற்குப் பனிதான் எண்ணெய், பனிதான் தண்ணீர். ஐஸில் வேகமாக விட்டால் உருகி ட்ராக் கிளிப்பில் ஒட்டிக்கொள்ளும். நெருக்கிப் பார்த்தால் மெழுகு வழிந்து உறைந்த மாதிரி இருக்கும், பழைய வண்டி வாங்கப் போகும்போது நான் முதலில் குனிவதே அங்கேதான். ஃபேனானாலும் லிக்விடானாலும் உருகும். ஆக ஃபேன் வண்டிக்கும் ஸ்கிராட்சர் வேண்டும்.

பழைய இரும்பு:
பேச்சு எஞ்சினைப் பற்றி, பட்டையைப் பற்றி அல்ல. எஞ்சின் சூடாகாது.

வெண்பனி:
காலில் தீப்பிடித்தால் என்ன, தலை குளிர்ச்சியாக இருக்கிறதே!

மீன்கொத்தி:
போன வருடம் இதே பழைய இரும்பு அண்ணன்தான் “பேட்டரி ஆகர் (ஐஸில் துளை போடும் கருவி) ஒரு குளிர்காலம் தாங்காது, கையால் துளை போடு” என்று பத்து பதிவு எழுதினார். என் பேட்டரி ஆகர் இந்த வருடமும் ஓடுகிறது. சும்மா ஞாபகப்படுத்தினேன்.

பழைய இரும்பு:
மீன்கொத்தி, ஆகர் கதை வேறு. அதில் நான் சொன்னது கடுங்குளிரைப் பற்றி. பிறகு வருகிறேன்.

வெண்பனிக்கு ஒரு காட்சி சொல்கிறேன். மைனஸ் முப்பது. கூடாரத்தை மடித்துவிட்டோம், இருட்டப் போகிறது. நண்பருடைய நாலு ஸ்ட்ரோக் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்கிறது, இன்னொரு ‘டிக்’, அப்புறம் அதுவும் இல்லை. பேட்டரி செத்துவிட்டது. இழுக்கக் கயிறு கிடையாது, அந்த எஞ்சினுக்கு நிறுவனம் கயிறே வைக்கவில்லை. என் ஃபேன் வண்டியில் சோக்கைத் தூக்கி மூன்று இழுப்பு. முதல் இழுப்பில் ஒரு இருமல், இரண்டாவதில் நீலப் புகை, மூன்றாவதில் பாட ஆரம்பித்துவிட்டது. அன்று அவர்களை யார் கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தது? காயலான் கடைச் சரக்கு!

வெண்பனி:
பேட்டரியை வீட்டுக்குள் எடுத்து வைக்காத நண்பருக்கு என் அனுதாபங்கள். அது கூலிங் பிரச்சினை இல்லையே பெரியவரே. தலைப்பு எஞ்சின் சூடு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

உங்கள் நீலப் புகையைப் பின்னால் உட்கார்ந்து சுவாசிப்பது யார்? உங்கள் மனைவியிடம் ஒருமுறை கேட்டீர்களா?

பழைய இரும்பு:
என் மனைவியை இதில் இழுக்க வேண்டாம். அவர் என்னைவிட அதிகம் மீன் பிடிப்பவர்.

புதுத்தூண்டில்:
அண்ணன்மார்களே, மன்னிக்கவும். விற்கிறவர் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார். என் சந்தேகம் வேறு. இரண்டு பேர், கூடாரம், ஹீட்டர், பின்னால் சறுக்குத் தொட்டி. இந்தக் கனத்துக்கு 20 அங்குல ட்ராக் அவசியமா, 15 போதுமா?

வெண்பனி:
15 போதும். டூரிங் வண்டி இரண்டு பேருக்காகவே செய்தது. பின் சீட் சரியான இடத்தில் இருக்கும், ட்ராக் 137 அங்குல நீளம் இருக்கும். ஒற்றை ஆள் வண்டியில் எக்ஸ்ட்ரா சீட் மாட்டி விற்பார்கள், அதை மட்டும் வாங்காதீர்கள். கனம் பின்னால் போய் முன்னால் இருக்கும் சறுக்குப் பலகை, அதாவது ஸ்கி, தூக்கிக்கொள்ளும், திருப்பினால் திரும்பாது.

சங்கிலிப்பெட்டி:
நல்ல ஐஸில் 15 ஓடும். ஆனால் பனிக்கு அடியில் தண்ணீர் ஏறி நிற்கும் நாள் இருக்கிறதே, மேலே வெள்ளையாக இருக்கும், அடியில் கஞ்சி மாதிரி. அதில் நின்றால் போச்சு. ராத்திரிக்குள் ட்ராக் உறைந்து ஏரியோடு ஒட்டிவிடும். அகல ட்ராக் மிதந்து போகும். கனத்தைக் கட்டி இழுப்பதென்றால் லோ கியர் உள்ள வேலை வண்டி நல்லது, ட்ராக்கை ஓட்டும் பெல்ட் வேகாது. தொட்டியைக் கயிற்றால் கட்டாதீர்கள், கம்பி வையுங்கள். கயிறானால் பிரேக் போட்டதும் தொட்டி வந்து முதுகில் இடிக்கும்.

பழைய இரும்பு:
சங்கிலிப்பெட்டி சொன்ன வேலை வண்டி எது? அகல ட்ராக், லோ கியர், ஃபேன் எஞ்சின். யமஹா விகே540 பாருங்கள், 535 சிசி, ஃபேன். ஸ்கி-டூ ஸ்காண்டிக் 550எஃப் பாருங்கள், 553 சிசி, ஃபேன். வலையும் வேட்டையுமாகப் பிழைப்பு நடத்துகிறவர்கள் ஏன் இந்த மாதிரி வண்டியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்? முட்டாள்களா? சூடாகாது என்பதால்தான்.

வெண்பனி:
அதே யமஹா பிறகு விகே புரொஃபஷனல் என்று 973 சிசி நாலு ஸ்ட்ரோக்கை, லிக்விட் கூலிங்கோடு, அதே வேலைக்கு விட்டதை ஏன் சொல்லவில்லை? மறந்துவிட்டதா? அப்புறம் 2023இல் ஸ்னோமொபைல் தொழிலையே விடப் போவதாக அறிவித்தார்கள், வட அமெரிக்காவுக்கு 2025 மாடல்தான் கடைசி. இன்னும் பத்து வருடம் கழித்துத் தம்பி உதிரிபாகத்துக்கு எங்கே போவார்?

பழைய இரும்பு:
ஃபேன் எஞ்சினில் உதிர என்ன இருக்கிறது? தண்ணீர் பம்ப் இல்லை, தெர்மோஸ்டாட் இல்லை, ஹோஸ் இல்லை. இல்லாத பாகம் கெடாது.

சங்கிலிப்பெட்டி:
ஃபேனைச் சுற்றும் பெல்ட் இருக்கிறது. பல எஞ்சினில் அது அறுந்தால் கவனிக்காமல் ஓட்டுகிறவர் பிஸ்டனைச் சிலிண்டரில் இறுகிப் பிடிக்க வைத்துவிடுவார். ஃபேன் சூடாகாது என்பது பெல்ட் இருக்கும் வரை.

பழைய இரும்பு:
எனக்கு அறுந்ததில்லை.

வெண்பனி:
இன்னொன்று. ஆழமான பனியில், இரண்டு பேரோடு, தொட்டியை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போனால் ஃபேனுக்குக் காற்று எங்கிருந்து வரும்?

பழைய இரும்பு:
அடக் கடவுளே. ஃபேன் எஞ்சினோடு சுற்றுகிறது ஐயா, வண்டியின் வேகத்தோடு அல்ல. நின்ற இடத்திலேயே சுற்றும். இதுகூடத் தெரியாமல்தான் ஆறு வருடமாக ஓட்டுகிறீர்களா? நல்லவேளை, ஸ்னோமொபைலின் தகப்பன் பாம்பார்டியர் உங்களிடம் யோசனை கேட்கவில்லை. 1922இல், பதினைந்து வயதில், அந்தப் பையன் செய்த முதல் வண்டியே காத்தாடி வைத்ததுதான்!

வெண்பனி:
அந்தக் காத்தாடி வண்டியைத் தள்ளுவதற்கு வைத்தது! எஞ்சினைக் குளிர்விக்க அல்ல! பின்னால் விமான புரொப்பெல்லர் மாதிரி சுற்றியது. ஆபத்து என்று அவருடைய அப்பாவே பிரித்துப்போடச் சொன்னதாகச் சொல்வார்கள். காயலான் கடைக்குப் போன முதல் காத்தாடி வண்டி அது. உதாரணத்துக்கு நன்றி.

மீன்கொத்தி:
😂 அண்ணன் தானே போட்ட துளையில் தானே விழுந்துவிட்டார். அதுவும் கை ஆகரால் போட்டது.

பழைய இரும்பு:
சிரியுங்கள். 1959இல் அதே பாம்பார்டியரின் ஸ்கி-டூ வந்தபோது அதில் ரேடியேட்டர் இருந்ததா? காற்றில் குளிரும் எஞ்சின். நான் சொல்ல வந்தது அதுதான்.

ஏரிக்கரை:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. எத்தனை அங்குலப் பனி இருந்தால் லிக்விட் சூடாகாது? யாராவது ஒருவர் ஓர் எண் சொல்லுங்கள்.

சங்கிலிப்பெட்டி:
ஐந்திலிருந்து ஏழு அங்குலம்.

ஏரிக்கரை:
அவ்வளவு பனியா?

சங்கிலிப்பெட்டி:
இல்லை, நான் ஐஸின் தடிமனைச் சொன்னேன். மினசோட்டா இயற்கை வளத் துறையின் கணக்கு: புதிதாக உறைந்த தெளிவான ஐஸ் நடப்பதற்கு 4 அங்குலம், ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7. வெள்ளை ஐஸ் என்றால் இரண்டு மடங்கு.

பழைய இரும்பு:
7 போதாது. இரண்டு ஆள், தொட்டி, வண்டி, எல்லாம் சேர்ந்து அரை டன் வந்துவிடும். நான் பத்துக்குக் குறைந்தால் வண்டியை இறக்குவதில்லை, நடந்துதான் போவேன். போகப் போகத் துளை போட்டுப் பார்ப்பேன்.

வெண்பனி:
கையாலா?

பழைய இரும்பு:
ஆமாம், கையால்தான்.

மீன்கொத்தி:
ஆகர் விஷயம் பாக்கி இருக்கிறது அண்ணே, மறக்கவில்லை.

சங்கிலிப்பெட்டி:
புதுத்தூண்டில், நாளைக்குப் போனால் இவர்கள் சண்டையை மறந்துவிட்டு கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தம் பார்க்கும் கருவி) எடுத்துப் போங்கள். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திரும்பி நடங்கள். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்கியை ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்றால் பால் ஜாயின்ட் போய்விட்டது. ட்ராக்கைக் கையால் சுற்றி ரப்பர் பல் எத்தனை காணோம் என்று எண்ணுங்கள். முக்கியமாக, நீங்கள் வரும் முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். போனதும் முதல் வேலை, கையுறையைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து சிலிண்டர் பக்கம் கை வையுங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை முன்னாடியே கிளப்பி வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

பழைய இரும்பு:
இது நல்ல யோசனை. ஃபேன் வண்டியை முதலில் பாருங்கள் தம்பி, இரண்டாவதைப் பார்க்கவே தேவை இருக்காது.

புதுத்தூண்டில்:
பார்த்துவிட்டு வந்தேன். ஃபேன் வண்டியைத்தான் முதலில் பார்த்தேன். மூடியைத் திறந்து கை வைத்தேன். சுடச்சுட இருந்தது.

வெண்பனி:
ஃபேன் சூடாகாது என்றார்களே?

பழைய இரும்பு:
அது விற்கிறவன் சூடாக்கியது. தானாகச் சூடானதல்ல.

வெண்பனி:
ஓ, இரண்டு வகைச் சூடு இருக்கிறதா? ஏரிக்கரை, எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்கு இன்னொரு வரையறை வேண்டியிருக்கும்.

ஏரிக்கரை:
முதலாவதையே இன்னும் யாரும் சொல்லவில்லை.

பழைய இரும்பு:
விற்றவனின் திருட்டுத்தனத்துக்கு எஞ்சின் என்ன செய்யும்? லிக்விட் வண்டியைப் பார்த்தீர்களா தம்பி? அதில் ஸ்கிராட்சர் இருந்ததா? அதை முதலில் சொல்லுங்கள்.

புதுத்தூண்டில்:
இருந்தது அண்ணே. ஒரு பக்கம் மட்டும். மற்றது வளைந்து உடைந்திருந்தது.

பழைய இரும்பு:
ரிவர்ஸ்!

வெண்பனி:
ஸ்பிரிங் வகையாக இருக்கும். கேபிள் வகை என்று மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்.

பழைய இரும்பு:
இரண்டாவது தடவைதான். எண்ணிப் பாருங்கள்.