புதுப்பிப்பு: பிரேக் பைப் கசிவு நின்றது

போன கிழமை கேட்டிருந்தேனே, ஹட்டனில் ஓடும் எங்க பழைய ஜப்பான் வேனுக்குப் புது பிரேக் பைப் போட்டும் நட்டடியில் எண்ணெய் கசியுது என்று. பிழை என்னுடையதுதான். ஃபிளேரிங் டூலால் (பைப் வாயை விரிக்கும் கருவி) வாயை ஒரே தரம் விரித்திருந்தேன். ஏசி செம்புக் குழாய்க்கு அது போதும். பிரேக்குக்கு இரட்டை மடிப்பு வேணும், அதாவது வாயை முதலில் உள்ளே மடித்துப் பிறகு விரிக்க வேணும்.

நேற்று பைப்பைத் திரும்ப வெட்டி, பிசிறை அரத்தால் எடுத்தேன். டூலோடு வரும் அடாப்டரின் (வாயை உள்ளே மடிக்கும் சின்ன அச்சு) விளிம்பு உயரத்துக்கு மட்டும் பைப்பை வெளியே நீட்டி, டூலின் பிடிகட்டையில் இறுக்கினேன். அடாப்டரை வைத்து அழுத்த வாய் உள்பக்கம் மடங்கியது. பிறகு கூம்பால் 45 பாகைக்கு விரித்தேன். முதல் துண்டு வீண், வாயை விரிக்க முன்னம் நட்டைக் கோர்க்க மறந்துட்டேன் (சிரிக்காதீங்க). இரண்டாவது துண்டில் வாய் வட்டம் பிசகாமல் வந்தது.

பிரேக் லைனில் இருந்த காற்றை வெளியே எடுத்து, பெடலை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். நட்டு காய்ஞ்சே கிடக்கு. ஆனாலும் கினிகத்தேனை இறக்கத்தில் இறக்க முன்னம் கராஜ் பாஸ் ஒருக்கா பார்க்கட்டும்.